அச்சு வெட்டுவதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளைக்கு நடைமுறை மூலதனக் கடன் கோரி வந்த வாடிக்கையாளர் ஒருவரை நாம் இன்றும் மறக்கவில்லை. தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகள் இயந்திரப் பணியாளராக உழைத்துவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க முனைந்தவர் அவர். பயறு முளைகட்டுவதற்கான மூன்றடுக்குப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தாமே வடிவமைத்திருந்தார். நீர் வடியும் துளைகள், காற்றுப் புகும் மூடி என அனைத்தும் செம்மையாக அமைந்திருந்தன. துணைவியாரின் நகைகளை அடகு வைத்து, ரூ. 6 இலட்சம் செலவில் 'டை' எனப்படும் அச்சையும் வெட்டி முடித்திருந்தார். ஆவணங்கள் முறையாக இருந்தன, கடன் வழங்கப்பட்டது.

முதல் தொகுதியாக 2,000 பெட்டிகள் கடைகளுக்குச் சென்றன. ஓரிரு மாதங்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. பயறு நன்றாகவே முளைத்தது. ஆனால் முளைத்த பயறைப் பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்க விரும்பிய இல்லங்களில், இரண்டு தட்டுகளுக்கு இடையே அப்பெட்டி நுழையவில்லை. உயரம் இரண்டு விரற்கடை மிகுந்துவிட்டது. அச்சை மாற்றித் தர டூல்ரூம் கேட்ட தொகை ரூ. 5 இலட்சம்.

நாம் அந்தக் கோப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, வாடகை ஒப்பந்தம், மின் இணைப்புச் சான்று, மூன்றாண்டு விற்பனைக் கணிப்பு ஆகிய எல்லாம் இருந்தன. "இந்தப் பொருளை யாரேனும் தம் வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தார்களா?" என்ற வினா மட்டும் அதில் எங்கும் இல்லை. அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பொருள் வடிவமைப்பு என்றவுடன் அது பெருநிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு உரியது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் அடிப்படைக் கருத்துகள் ஒரு சிறு தொழில்முனைவோரின் சேமிப்பைக் காக்கும் கருவிகள். பெருநிறுவனம் ஒரு பொருளில் தோற்றால் அடுத்த பொருளில் ஈடுகட்டிக் கொள்ளும். சிறு தொழிலில் ஒரே பொருளின் தோல்வி வீட்டையும் நகையையும் தொட்டுவிடும். ஆகவே, நம் நாட்டில் நிகழ்ந்த சில நிகழ்வுகளின் துணையோடு அக்கருத்துகளை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தேவையைக் கண்டறிதல்

பொருள் மேம்பாட்டின் முதற்படி, பயன்படுத்துவோரின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவது. இதற்கு ஜெய்ப்பூர் செயற்கைக் காலைவிடச் சிறந்த இந்தியச் சான்று அரிது.

1960-களில் நம் நாட்டில் கால் இழந்தோருக்குப் பொருத்தப்பட்ட செயற்கைக் கால்கள் மேலை நாட்டு வடிவமைப்பைச் சார்ந்தவை. அவற்றின் பாதம் மூடிய காலணிக்குள் இருக்க வேண்டும், கணுக்கால் வளையாது. நாற்காலியில் அமர்ந்து, காலணியோடு நடமாடுவோருக்கு அது பொருந்தியது. தரையில் சம்மணமிட்டு உண்போருக்கும், குத்துக்காலிட்டு அமர்வோருக்கும், சேற்று வயலில் வெறுங்காலுடன் இறங்குவோருக்கும் அது பயன்படவில்லை. பொருத்திக்கொண்ட பலர் வீடு திரும்பியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினர்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், முறையான கல்வி மிகுதியாக இல்லாத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் இணைந்து 1968-இல் இதற்குத் தீர்வு கண்டனர். ரப்பர், மரம், டயர் நூலிழை ஆகியவற்றைக் கொண்டு, விரல்களோடு இயற்கைப் பாதம்போலவே தோன்றும் ஒரு பாதத்தை உருவாக்கினர். அது பல திசைகளிலும் வளையும். நீரில் நனைந்தால் கெடாது. காலணி இன்றியும் நடக்கலாம். பயன்படுத்திய பொருள்கள் யாவும் நம் ஊர்க் கடைவீதிகளில் கிடைப்பவை. 1975-இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதனை இலவசமாகப் பொருத்தத் தொடங்கியபின், அது நாடெங்கும், பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. 1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே பேருந்து விபத்தில் சிக்கிக் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலுடன் மீண்டும் மேடையேறியதை வாசகர்கள் பலர் அறிவர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. "எப்படிப்பட்ட கால் வேண்டும்?" என்று நோயாளியிடம் கேட்டிருந்தால், "நல்ல கால் வேண்டும்" என்றே அவர் கூறியிருப்பார். அவர் எவ்வாறு அமர்கிறார், எங்கே நடக்கிறார், எதைக் கழற்றி எறிகிறார் என்பதைப் பார்த்ததால்தான் விடை கிடைத்தது. நம் வாடிக்கையாளர் பயறு முளைக்கும் விதத்தை நன்கு ஆராய்ந்தார். முளைத்தபின் பெட்டி எங்கே போகிறது என்பதைப் பார்க்கவில்லை.

விலையும் மதிப்பும்

அடுத்த கருத்து விலையைப் பற்றியது. சந்தையில் மலிவாகத் தந்தால் விற்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வரும் திட்ட அறிக்கைகள் பலவற்றில் காணப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் இரு வண்டிகள் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க உதவும்.

2005-இல் டாடா மோட்டார்ஸ் 'ஏஸ்' என்னும் சிறு சரக்கு வண்டியை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் அதற்கு மக்கள் இட்ட பெயர் 'குட்டியானை'. வடக்கே 'சோட்டா ஹாத்தி'. அதற்கு முன் முக்கால் டன் அளவிலான சுமைக்கு மூன்று சக்கர வண்டிகளே பெரும்பாலும் வழக்கில் இருந்தன. கிரீஷ் வாக் என்னும் பொறியாளரின் தலைமையில் இயங்கிய குழு, வடிவமைப்புக்கு முன்பே மூன்று சக்கர வண்டி ஓட்டுநர்களைச் சந்தித்து உரையாடியது. சுமை, எரிபொருள் ஆகியவற்றோடு ஓட்டுநர்கள் இன்னொன்றையும் கூறினர்: நான்கு சக்கர வண்டி வைத்திருப்பவருக்கு ஊரில் மதிப்பு அதிகம். ஏஸ் மூன்று சக்கர வண்டியைவிட விலை கூடுதலானது. ஆயினும் நெடுஞ்சாலையில் நிலைபெயராமல் ஓடியது. ஓட்டுநருக்குக் கதவுள்ள அறையைத் தந்தது. 'வண்டி முதலாளி' என்ற பெயரையும் தந்தது. இதுவரை 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏஸ் வண்டிகள் விற்பனையாகியுள்ளன. அவற்றுள் எத்தனையோ வங்கிக் கடனில் வாங்கப்பட்டு, தவணை தவறாமல் அடைக்கப்பட்டவை.

அதே கிரீஷ் வாக்கின் தலைமையில்தான் 'நானோ' மகிழுந்தும் உருவாயிற்று. இரு சக்கர வண்டியில் முழுக் குடும்பமும் நெருங்கிச் செல்லும் காட்சியே ரத்தன் டாடாவின் மனத்தில் அந்த எண்ணத்தை விதைத்தது. 2008 ஜனவரி 10 அன்று புது தில்லியில் அது காட்சிப்படுத்தப்பட்டது. ரூ. 1 இலட்சம் என்ற விலையை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி ஒவ்வோர் உறுப்பையும் வடிவமைத்தனர். இதனை 'இலக்குச் செலவு முறை' என்பர். விற்கக்கூடிய விலையிலிருந்து இலாபத்தைக் கழித்து, எஞ்சிய தொகைக்குள் பொருளைச் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். பின்புறத்தில் இரண்டு சிலிண்டர் எஞ்சின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டுகள் எனப் பொறியியல் நோக்கில் அது வியத்தகு சாதனை.

எனினும் விற்பனை ஆலையின் ஆண்டு உற்பத்தித் திறனான 2.5 இலட்சத்தை ஒருபோதும் நெருங்கவில்லை. 2018-இல் உற்பத்தி ஓய்ந்தது. தொழிற்சாலையை மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்கு மாற்ற நேர்ந்த தாமதமும், தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பற்றியதால் எழுந்த அச்சமும் காரணங்களுள் அடங்கும். அவற்றோடு, 'மிக மலிவான கார்' என்று அதனை முன்னிறுத்தியது தவறு என ரத்தன் டாடாவே பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏஸ் வாங்கியவர் தம் தெருவில் ஒரு படி உயர்ந்தார். நானோ வாங்கியவரைப் பார்த்து அண்டை வீட்டார், "மலிவான வண்டியா?" என்று கேட்கும் நிலை ஏற்பட்டது. முதல் மகிழுந்து என்பது இந்தியக் குடும்பம் ஒன்றுக்குப் பயண வசதி மட்டுமன்று. அது ஒரு முன்னேற்றத்தின் அடையாளம். செலவைக் குறைப்பது உற்பத்தியாளரின் கடமை. ஆனால் வாங்குபவர் விலையோடு தமது மதிப்பையும் கணக்கிடுகிறார். ஆகவே "என் பொருள் எவ்வளவு மலிவு?" என்பதோடு, "இதை வாங்குபவர் இதைப் பிறருக்கு எவ்வாறு காட்டுவார்?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதிரி செய்து பார்த்தல்

மூன்றாம் கருத்து மாதிரி. பொருளை முழுமையாகச் செய்வதற்கு முன், குறைந்த செலவில் அதன் உருவையோ இயக்கத்தையோ செய்து காட்டுவதே மாதிரி. அட்டையில் வெட்டிய பெட்டியும் மாதிரிதான். தெர்மோகோலில் செதுக்கிய வடிவமும் மாதிரிதான். முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த பிளாஸ்டிக் உருவும் மாதிரிதான். அளவு சரியா என்று அறிய அட்டை போதும். கைக்கு அடங்குகிறதா என்று அறிய தெர்மோகோல் போதும். நீர் வடிகிறதா, மூடி இறுகுகிறதா என்று அறிய முப்பரிமாண உரு தேவைப்படும். எந்த ஐயத்தைத் தீர்க்க விரும்புகிறோமோ, அதற்கு ஏற்ற மலிவான மாதிரியைத் தேர்வதே இதில் உள்ள திறன்.

இதனைக் கணக்காகவே பார்ப்போம். நம் வாடிக்கையாளரின் பெட்டி ஒன்றுக்கு மூலப்பொருள், கூலி, பொதிகட்டு எல்லாம் சேர்த்து ரூ. 70 செலவு, கடைக்காரர் தரும் விலை ரூ. 110 என்று கொள்வோம். ஒரு பெட்டியில் மிஞ்சுவது ரூ. 40. வட்டியையும் வாடகையையும் சேர்க்காமலே, ரூ. 6 இலட்சம் அச்சுச் செலவை மீட்க 15,000 பெட்டிகள் விற்க வேண்டும். அச்சை மாற்ற மேலும் ரூ. 5 இலட்சம் செலவானால், மொத்தம் 27,500 பெட்டிகள் விற்ற பின்னரே முதல் ரூபாய் இலாபம். மாறாக, ரூ. 15,000 செலவில் பத்து மாதிரிகள் செய்து பத்து வீடுகளில் ஒரு வாரம் வைத்திருந்தால், அச்செலவை மீட்க 375 பெட்டிகள் போதும். முதல் வீட்டின் ஃபிரிட்ஜே அவருக்கு விடை சொல்லியிருக்கும்.

ஒரு தவறு காகிதத்தில் இருக்கும்போது அழிப்பானால் திருத்தலாம். மாதிரியில் இருக்கும்போது சில ஆயிரங்களில் திருத்தலாம். அச்சில் ஏறிவிட்டால் இலட்சங்கள் ஆகும். கடைக்குப் போய்விட்டால் பணத்தோடு பெயரும் போகும். அச்சு வெட்டும் நாள் என்பது திரும்பி வர இயலாத எல்லைக்கோடு. கடனும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது. எனவே கேட்க வேண்டிய வினாக்களை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மாதிரியை உறவினருக்கும் நண்பருக்கும் மட்டும் தராதீர்கள். அவர்கள் நம் மனம் நோகக் கூடாதென்று நல்லதையே கூறுவர். அறிமுகமில்லாத சிலரிடம் தந்து, அவர்கள் பயன்படுத்தும்போது அருகிருந்து பாருங்கள். இறுதியில், "இந்த விலைக்கு இப்போதே முன்பணம் தருவீர்களா?" என்று கேளுங்கள். பாராட்டுக்கும் முன்பணத்துக்கும் உள்ள வேறுபாடே சந்தையின் உண்மை நிலை.

தவறான பயன்பாட்டையும் எதிர்பார்த்தல்

நான்காவதாக, பொருளை நாம் எண்ணியபடியே மக்கள் பயன்படுத்துவர் என்று நம்பிவிடக் கூடாது. பிரெஷர் குக்கரின் வரலாறு இதை உணர்த்துகிறது. குக்கரில் அழுத்தம் மிகுந்தால் உருகி வழிவிடும் சேஃப்டி வால்வு உண்டு. அது பழுதானால் அசல் உதிரிப்பாகத்தையே பொருத்த வேண்டும். ஆனால் கடைவீதியில் கிடைத்த போலி வால்வுகளைப் பலர் பொருத்தினர். வட இந்தியாவில் குக்கர்கள் வெடித்த நிகழ்வுகள் ஏற்பட்டன. "போலியைப் பயன்படுத்தாதீர்" என்று விளம்பரம் செய்வதோடு நிறுத்தியிருக்கலாம். டி.டி.கே. பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் டி.டி. ஜகந்நாதன் வேறு வழியைத் தேர்ந்தார். மூடியின் விளிம்பில் ஒரு சிறு திறப்பை அமைத்தார். வால்வு எதுவாயினும், அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கெட் அத்திறப்பின் வழியே பிதுங்கி நீராவியை வெளியேற்றிவிடும். உதிரிப்பாகம் போலியாக இருந்தாலும் சமையலறையில் இருப்பவர் காக்கப்படுவார்.

உங்கள் பொருளை ஒரு குழந்தை வாயில் வைத்தால் என்னவாகும்? கொதிநீர் ஊற்றினால் உருகுமா? மின்சாரம் ஏறி இறங்கினால் தாங்குமா? இவ்வினாக்கள் மனிதநேயம் சார்ந்தவை மட்டுமல்ல. சட்டம் சார்ந்தவையும் ஆகும். எடுத்துக்காட்டாக, பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. உங்கள் பொருள் அத்தகைய கட்டாயப் பட்டியலில் உள்ளதா என்பதை வடிவமைப்புத் தொடங்கும் முன்பே இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உறுதி செய்துகொள்வது நலம்.

செய்வதற்கு எளிதாக வடிவமைத்தல்

அழகான வரைபடம் ஒன்றை ஆலையில் செய்ய இயலாமற் போகலாம். உறுப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய, கூலியும் பழுதும் குறையும். நான்கு திருகாணிகளுக்குப் பதில் அழுத்தினால் பொருந்தும் ஒரு கொக்கி போதுமாயின் அதையே தேர்க. கடையில் கிடைக்கும் அளவுடைய திருகாணியையே பயன்படுத்துக. அச்சு செய்பவரையும் பொருத்துபவரையும் வரைபடக் கட்டத்திலேயே அழைத்து, "இதில் எது உங்களுக்குக் கடினம்?" என்று கேட்க வேண்டும். இதற்கு உதவ அரசு நிறுவனங்களும் உள்ளன. ஐதராபாத், லூதியானா, ஜாம்ஷெட்பூர், புவனேசுவரம் முதலிய நகரங்களில் மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சகத்தைச் சார்ந்த டூல்ரூம்கள் இயங்குகின்றன. பிளாஸ்டிக் சார்ந்த பொருள்களுக்குச் சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்பெட் நிறுவனத்தை அணுகலாம்.

உரிமையைக் காத்தல்

மாதிரியைப் பலருக்கும் காட்டச் சொல்லும்போது, "யாரேனும் திருடிவிட்டால்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. பொருளின் தோற்றத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். புதிய இயக்கமுறையோ செய்முறையோ இருப்பின் காப்புரிமை கோரலாம். அது விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். முழு விவரம் ஆயத்தமாகாத நிலையில் தற்காலிக விண்ணப்பம் அளித்து, 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யவும் வழியுண்டு. சிறு நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணம் குறைவு. பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறியாகப் பதிந்து, 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

வரிசை முறை இங்கு இன்றியமையாதது. பொருட்காட்சியிலோ இணையத்திலோ வெளியிட்டுவிட்ட வடிவம் 'புதியது' என்ற தகுதியை இழக்க நேரிடும். ஆகவே முதலில் விண்ணப்பம். பின்னரே பொது வெளியீடு. பத்து வீடுகளில் நடத்தும் சோதனைக்கு முன்பும், தகவலை வெளியிடுவதில்லை என்று எழுத்தில் ஓர் ஒப்புதல் பெற்றுக்கொள்வது நன்று.

வங்கிக்கு வரும்போது

புதிய பொருள் ஒன்றுக்காகக் கடன் கோரி வரும்போது, திட்ட அறிக்கையோடு கீழ்க்கண்டவற்றையும் கொண்டுவருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்:

• மாதிரியைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர், அவர்கள் கூறிய குறைகள் என்னென்ன, அவற்றுள் எவை திருத்தப்பட்டன என்ற ஒரு பக்கக் குறிப்பு.

• முன்பணம் அல்லது கொள்முதல் ஆணை தந்தவர்களின் விவரம்.

• அச்சுச் செலவை மீட்க எத்தனை பொருள்கள் விற்க வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்கு.

• அச்சில் ஒரு திருத்தம் நேர்ந்தால் அதற்கென ஒதுக்கிய தொகை.

• கட்டாயத் தரச்சான்று, வடிவமைப்புப் பதிவு ஆகியவற்றின் நிலை.

இவற்றை நாம் கேட்பது கடனைத் தாமதப்படுத்துவதற்காக அன்று. வாராக்கடன் என்று நம் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. இரண்டு வார காலம் காத்திருந்து பத்து வீடுகளில் கேட்டறிந்த விடை, பிணையாக வைக்கும் பத்திரத்தைவிட வலிமையான காப்பு என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

முளைப்பயறுப் பெட்டி செய்த அன்பர் தொழிலைக் கைவிடவில்லை. எஞ்சிய பெட்டிகளைப் பெரிய குளிர்பதன வசதி உள்ள விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் விற்றுக் கடனைச் சிறிது சிறிதாக அடைத்தார். அடகு நகை மீண்டது நான்காம் ஆண்டில். அதன்பின் ஒருநாள் மீண்டும் நம் கிளைக்கு வந்தார். கையில் அட்டையில் ஒட்டிய ஒரு சிறு பெட்டியும், பன்னிரண்டு வீடுகளில் எழுதி வாங்கிய குறிப்புகள் அடங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன. அச்சுக்கு இன்னும் விலைப்புள்ளிகூடக் கேட்கவில்லை என்றார். நாம் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் அந்த நோட்டைத்தான் படித்தோம்.